ஐம்பது பவர்

சுகிர்தா மாத்திரை அட்டையை டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து வெள்ளித் தாளில் பொடிப் பொடியாக என்னென்னவோ அச்சடித்திருந்தது. அவளுக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்றுதான். ஐம்பது என்ற எண் கண்ணில் பட்டதும் தனக்குள் தலையாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலால் நான்கு மாத்திரைகளை அட்டையோடு நறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, பார்வைக்கே சாது. கீழே பாயில் குப்புறக் கிடந்த இம்மானுவேல் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவற்றைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயது, வாட்டசாட்டமான ஆள். சிப்காட்டில் ஒரு கம்பி கம்பெனியில் பாதி ஆயுசைப் போட்டவன். இவ்வளவு பெரிய உடம்பை எழுப்பி நிறுத்த அந்த நான்கு பொட்டு போதும் என்று பெண்டாட்டி முடிவு செய்தது அவனுக்கு வலியைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

முந்தின நாள் மத்தியானம், கம்பிக் கட்டு ஒன்றைப் புரட்டிவிடக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றுவிட்டான். இடுப்பில் எதுவோ சுளுக்கென்று பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூட வேலை செய்யும் சின்னதுரையும் இன்னொருவனும் அவனை ஷேர் ஆட்டோவில் பக்கவாட்டில் சாய்த்து, புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் காலனி வரைக்கும் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கும்போது சின்னதுரை அவன் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டையைச் செருகி, ஒன்று போட்டால் விடிவதற்குள் கம்பெனிக்கு ஓடி வந்துவிடுவான் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான். சட்டையைத் துவைக்க எடுத்த சுகிர்தா அதைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"அறுநூத்தம்பது பவரு," என்றாள், அட்டையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டி. "இது மனுசனுக்குக் குடுக்கிறதா, மாட்டுக்குக் குடுக்கிறதா?"

"எனக்கு வலிக்கிறதும் மாடு கணக்காதான் வலிக்குது. உன் அம்பது எனக்கு எந்த மூலைக்கு?"

அந்த அட்டை அப்போதே அடுப்புக்குப் போய்விட்டது. அடுப்பு கேஸ் அடுப்பு என்பதால் எரிக்க முடியாமல் அதன் அடியில் தள்ளிவிட்டாள். பிறகு நினைவு வந்து எடுத்துச் சாக்கடையில் போட்டாள். கூட்டுரோட்டு மெடிக்கலுக்குப் போய் உரிமையாளர் ராஜமாணிக்கத்திடம், இடுப்பு வலிக்கு இருப்பதிலேயே பவர் கம்மியானதாகக் கொடுங்கள் என்று கேட்டாள். கூட்டமான நேரம். அவரும் ஐம்பது எண் போட்ட அட்டையை எடுத்துப் போட்டு, கம்மிதான் என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அந்த மருந்து நூறிலும் வருகிறது.

பவர் என்ற சொல் சுகிர்தாவுக்குப் புதிதல்ல. அவள் பிறந்தது அத்திப்பட்டில். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கி வளர்ந்தவள். அந்த ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும், எண் பெரிதானால் பவர் பெரிது, பவர் பெரிதானால் புகையும் சாம்பலும் பெரிது. மாத்திரையும் அப்படித்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமாகவும் அது தோன்றவில்லை. ஐந்நூறு நடுத்தரம். அறுநூற்றைம்பது முரட்டுத்தனம். ஐம்பது என்றால் கைக்குழந்தைக்குக்கூடப் பாதி உடைத்துக் கொடுக்கலாம் என்பது அவள் கணக்கு. காலனியில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் மற்ற வீடுகளில் மாத்திரை என்றால் பயம் கிடையாது. அவளுக்கு இருந்தது. அவள் தம்பி அன்புராஜ் கிட்னி கெட்டுப்போய்த்தான் செத்தான். செத்த பிறகு முகம் பார்க்க முடியாதபடி வீங்கியிருந்தான். சாவதற்கு முன்னால் இரண்டு வருஷம், அத்திப்பட்டில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறி, திருவள்ளூருக்கு டயாலிசிஸ் பண்ண அவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் சுகிர்தாதான். ஒருநாள் அங்கே இருந்த டாக்டர், கேட்காமலேயே நின்று, வலி மாத்திரையைக் கண்டபடி தின்றுதான் பாதிப் பேர் இங்கே வந்து படுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள், பவர் ஜாஸ்தி மாத்திரை போட்டால் அவ்வளவுதான் என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள். சொன்னது இரண்டு பேர். ஆனால் நாளாக நாளாக சுகிர்தாவின் நினைப்பில் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இரண்டையும் டாக்டரே சொன்னதாக ஆகிவிட்டது. இம்மானுவேலுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது அவளுடைய அன்றாட ஜெபத்தில் ஒரு வரி.

ஆகவே மாத்திரை விஷயத்தில் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். விடிகாலையில் அவள் வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியின் வண்டி வந்துவிடும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, நான்கு மாத்திரைகளையும் காகிதத்தில் மடித்து அவன் தலைமாட்டில் வைப்பாள். காலையில் நாஷ்டா தின்றுவிட்டு இரண்டு, சாயங்காலம் இரண்டு. நான்கையும் கூட்டினாலும் இருநூறுதான், ஒரு அறுநூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, கைக்குழந்தைக்கே கொடுக்கலாம். இதைத் தினமும் ஒருமுறை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். இம்மானுவேலும் பெரிய மனசு பண்ணி, சரி சரி, வண்டி போயிடும் போ என்பான்.

நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தான். அந்த வாரக் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மறு வாரம் கம்பெனிக்கே போனான், குனிகிற வேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லி எண்ணுகிற வேலைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு. சுகிர்தாவுக்கு வாயெல்லாம் பல். பிஸ்கட் கம்பெனியில் அட்டைப் பெட்டிகளுக்கு எடைச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. கையால் ஒட்டிக்கொண்டே வாயால் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தாள். பல்வலிக்காரி, கழுத்து வலிக்காரி, மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள் எல்லோருக்கும் ஒரே புத்திமதிதான்: எண்ணைப் பார்த்து வாங்கு, ஐம்பதுக்கு மேல் போகாதே. கிரேஸ் என்ற பெண் மட்டும், அக்கா நீங்க நர்ஸுக்குப் படிச்சிருக்கலாம் என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று சுகிர்தா இரண்டு நாள் யோசித்தாள். இல்லை என்று கடைசியில் முடிவு செய்தாள்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டிலும் நல்ல காற்று வீசியது. அங்கே இருந்தவள் இம்மானுவேலின் அக்கா சின்னப்பொண்ணு. அறுபதை நெருங்குகிறவள், புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி மூன்றும் அவளோடு குடித்தனம் நடத்தின. சுவரைப் பிடிக்காமல் அவள் நடந்து சுகிர்தா பார்த்ததில்லை. கோயில் ஆராதனைக்குப் போவதையே விட்டிருந்தாள். அப்படிப்பட்டவள் திடீரென்று தெருக்குழாய் வரைக்கும் போய்த் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சுகிர்தாவுக்கு முன்னால் ஆராதனைக்குக் கிளம்பி நின்றாள். முகம்கூடப் பூசினாற்போல இருந்தது. ஊழியக்காரர் ஜெபித்ததுதான் காரணம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். சுகிர்தாவும் ஒத்துக்கொண்டாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் அப்படி ஒன்றும் கொஞ்சிக் குலாவுகிற உறவில்லை. ஆனாலும் கிழவி நடப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி மறுபடி வாங்கிய மாத்திரையும் தீர்ந்துபோன அன்று சாயங்காலம், வண்டி கூட்டுரோட்டில் இறக்கிவிட்டதும் சுகிர்தா நேராக மெடிக்கலுக்குப் போனாள். இம்மானுவேல் இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தான். நன்றாக நடமாடுகிறவனுக்கு எதற்கு என்று நினைத்தாள். ஆனால் அவனே வாய்விட்டுக் கேட்டது அவளுக்குப் பெருமையாக இருந்தது. ராஜமாணிக்கம் இல்லை. திலகவதி என்று புதிதாக வேலைக்கு வந்திருந்த மருந்தாளுநர் நின்றிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்ட பெண். கூட்டமும் இல்லை. காலி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, யாருக்கு, எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டாள். இதுவரை அந்தக் கடையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுகிர்தா உற்சாகமாகிவிட்டாள். புருஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதில் தொடங்கி, சின்னதுரை கொடுத்த அறுநூற்றைம்பதைச் சாக்கடையில் போட்டது வரைக்கும் சொல்லி, நான்கு சேர்ந்தாலும் இருநூறுதானே என்று தன் கணக்கையும் ஒப்பித்து முடித்தாள்.

திலகவதி சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது பவர் இல்ல, எடை. மாத்திரைல மருந்து எவ்ளோ வெயிட்டு கீதுன்னு போட்டுக்கிறான், அவ்ளோதான். அரை கிலோ பூசணிக்கா கீது, அம்பது கிராம் பச்ச மொளகா கீது. எது காரம்?"

எடை என்ற சொல் சுகிர்தாவுக்கு நன்றாகப் புரிந்தது. அன்றைக்கு முழுக்க அதைத்தான் பெட்டி பெட்டியாக ஒட்டிவிட்டு வந்திருந்தாள். திலகவதி மேலும் சொன்னாள். சுகிர்தா சாக்கடையில் போட்டது காய்ச்சலுக்கும் போடுகிற சாதாரண மாத்திரை. அளவு மீறினால் ஈரலுக்குக் கெடுதல், அளவாகப் போட்டால் கிட்னிப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ அவ்வளவாகப் போகாது. ஆனால் இந்த மாதிரி சுளுக்குக்கு அது அத்தனை கேட்கவும் கேட்காது. இந்தச் சின்னது நன்றாகக் கேட்கும், வலி சட்டென்று விடும். ஆனால் கெடுதல் இதில்தான் அதிகம். வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். உடம்பில் வேறு கோளாறு இல்லாத ஆள் சாப்பிட்டுவிட்டு நாலைந்து நாள் போட்டால் பரவாயில்லை. ஒரு நாளைக்கு நான்கு என்பதே அதிகம், இத்தனை நாள் போட்டது ரொம்ப அதிகம்.

"அவருக்கு சுகர், பிபி இருக்குதா?" என்று கேட்டாள் திலகவதி.

இல்லை என்று சுகிர்தா தலையை ஆட்டினாள். அதுவரைக்கும் நல்லது என்றாள் அந்தப் பெண். சர்க்கரை, பிரஷர் இருக்கிற வயதானவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, அவர்கள் ஏற்கெனவே போடுகிற மாத்திரைகளோடு இது சேர்ந்தால் கிட்னி நின்றே போகலாம் என்றாள். இனிமேல் ஒன்றுகூடப் போட வேண்டாம். கால் வீங்கினாலோ, மூத்திரம் குறைந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னாள். சுகிர்தாவின் காதில் பாதிக்கு மேல் ஏறவில்லை. தம்பிக்கு எந்த மாத்திரையும் அவள் வாங்கிக் கொடுத்ததில்லை. ஆனால் புருஷனுக்கு இத்தனை நாளும், தினமும், தன் கையாலேயே வெட்டி மடித்து வைத்திருக்கிறாள்.

கூட்டுரோட்டிலிருந்து காலனிக்கு ஆட்டோவுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. லாரிகள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போக, ரோட்டோரமாகவே நடந்தாள், கொஞ்ச தூரம் ஓடவும் செய்தாள். திருவள்ளூர் ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாடை மூக்கில் ஏறியது. அங்கே வரிசையாகக் கிடந்த கட்டில்களில் ஒன்றில் இம்மானுவேலைப் படுக்க வைத்துப் பார்த்தாள். அவனுடைய பெரிய கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தன. கர்த்தரே, கர்த்தரே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

வீட்டில் இம்மானுவேல் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். உள்ளே நுழைந்தவள் பையைப் போட்டுவிட்டு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, லுங்கியை விலக்கிக் கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. சரியாக மூத்திரம் போகிறதா என்று கேட்டாள். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாமே உனக்கு? ஊட்டுக்கு வந்ததும் வராததுமா கக்கூஸ் விசாரணை?"

அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே திலகவதி சொன்னதை முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். பூசணிக்காயும் பச்சை மிளகாயும் நடுவில் வந்து போயின. முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கடலை உரிக்கிற கை நின்றது.

"அழுவாத," என்றான். "எனக்கு ஒண்ணியும் ஆவாது. நான் அத துன்னவே இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். அறுநூற்றைம்பது. சின்னதுரைதான் மறுபடியும் வாங்கிக் கொடுத்திருந்தான். அவள் வண்டி ஏறிப் போனதும் அதில் ஒன்று, சாயங்காலம் அவள் வருவதற்கு முன்னால் ஒன்று. முதுகு சரியானது அதனால்தான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவளுடைய சின்ன மாத்திரையால் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். முதுகோ இரண்டையும் லட்சியம் பண்ணாமல், படுத்த படுக்கையில் கிடந்த நாட்களில் தானாகவே சரியாகியிருந்தது. அந்த நேரத்தில் இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. தன்னை இத்தனை நாள் ஏமாற்றினான் என்று சுகிர்தாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் அந்த விஷத்தைத் தின்னவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது, உடம்பு லேசானது, தரையிலேயே சாய்ந்து சுவரில் முதுகை வைத்து ஆசுவாசமாக மூச்சு விட்டாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

பிறகுதான் கேட்டாள்.

"அப்போ அத இன்னா பண்ண? சாக்கடைல போட்டியா?"

இம்மானுவேல் அவள் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டது. சுகிர்தா முதுகைச் சுவரிலிருந்து எடுத்தாள்.

"மருந்த எறிய மனசு வரல," என்றான் கடைசியில். "அக்காவும் முட்டி வலி, முட்டி வலின்னு ஒரே பேஜாரு பண்ணிக்கினு இருந்துது. சுகர் ஒடம்பு, பெரிய பவர் குடுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். அதான் பெருச நான் துன்னுட்டு சின்னத அதுக்குக் குடுத்தேன். நீதான தெனமும் சொல்லுவ, கைக்கொயந்தைக்கே குடுக்கலாம்னு."

அவள்தான் சொன்னாள். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, ஞாபகப்படுத்துவது மட்டும்தான். இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று காலையில் அவன் கேட்டது யாருக்காக என்பதும் இப்போது அவளுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தபோது நாக்கு கசந்தது. இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்து, பக்கத்து வாசலில் நுழைந்தார்கள்.

சின்னப்பொண்ணு துலக்கிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து இல்லை, நின்றுகொண்டு. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் ஜோடியாக வந்து நிற்பதைப் பார்த்ததும், மாத்திரைதான் வந்துவிட்டது என்று நினைத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"கொண்டாந்தியா நைனா? இன்னிக்குக் காலைலயே ஆயிப்போச்சு. ஒரு வேள இல்லன்னாலும் திரும்பி அந்தப் பாழாப்போன முட்டி ஆரம்பிச்சிடுமோன்னு பயமா கீது."

சுகிர்தா அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். பூசினாற்போல என்று தான் நினைத்திருந்த முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. தம்பியின் முகத்தில் பார்த்த உப்பல்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கண்ணில் படவில்லை. மூத்திரம் எப்படிப் போகிறது என்று மெதுவாகக் கேட்டாள். ரொம்பக் குறைந்துவிட்டது, ராத்திரியில் எழுந்து எழுந்து போகிற தொல்லை விட்டது என்று அதையும் நல்ல செய்தியாகவே சொன்னாள் கிழவி. எல்லாம் மாத்திரை வந்த நேரம் என்றாள்.

இம்மானுவேல் வாசலுக்குப் போய்த் தெரிந்த ஆட்டோக்காரனுக்குப் போன் செய்தான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு, இப்போதே, என்றான். சுகிர்தா கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த மாத்திரை சர்க்கரை உடம்புக்கு ஆகாது, தெரியாமல் கொடுத்துவிட்டோம், தப்பு என்னுடையதுதான், இனி ஒன்றுகூட வேண்டாம், வேறு மாத்திரை இருக்கிறது, டாக்டரைப் பார்ப்போம் என்று கோர்வையில்லாமல் சொன்னாள். சின்னப்பொண்ணு காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது.

"வேற மாத்திரைன்னா அந்த அறுநூத்தம்பதுதான? அத எல்லாம் துன்னு பாத்தாச்சு. முட்டிக்கு ஒண்ணியும் கேக்கல."

"அது கிட்னிக்குக் கெடுதல் இல்லக்கா."

"கிட்னி வலிக்கலியே எனக்கு. முட்டிதான வலிச்சுது." சின்னப்பொண்ணு தம்பி பெண்டாட்டியைப் பார்ப்பது போல அல்லாமல், பேரம் பேசுகிற கடைக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "உன் தம்பி செத்தான்னு என் காலக் கட்டிப்போடாத சுகிர்தா. கைய ஊனாம நடந்து எவ்ளோ வருசம் ஆச்சு தெரியுமா? நீ வலி இல்லாம நடக்குறவ. உனக்குத் தெரியாது."

சுகிர்தா சேலை ஓரத்தை விலக்கி, கிழவியின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. கணுக்கால் எலும்பு எங்கே என்றே தெரியவில்லை, தோல் மினுமினுவென்று இழுத்துக் கட்டியிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். சதை அமுங்கிக்கொண்டே உள்ளே போனது. விரலை எடுத்தாள். விரல் போன இடத்தில் ஒரு புளியங்கொட்டை உட்காருகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அது மேலே எழுந்து வரவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டாள் சுகிர்தா.

"துளிகூட இல்ல," என்றாள் சின்னப்பொண்ணு.

தெருமுனையில் ஆட்டோவின் ஒலிப்பான் கேட்டது. மழைத்தண்ணீர்க் கால்வாய்க்குத் தோண்டிப்போட்ட பள்ளம் இருந்ததால் வண்டி உள்ளே வராது, முனை வரைக்கும் நடந்துதான் போக வேண்டும். இம்மானுவேல் அக்காவைத் தாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை ஒதுக்கிவிட்டுக் கட்டிலிலிருந்து தானாகவே எழுந்தாள். செருப்பில் கால் நுழையவில்லை, விட்டுவிட்டாள். வாசற்படியைத் தாண்டி, எதையும் பிடிக்காமல், கைகளை வீசிக்கொண்டு தெருவின் நடுவில் நடந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் வந்த சுகிர்தா, தெருவிளக்கு வெளிச்சம் விழும்போதெல்லாம் அந்த வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் விரல் வைத்த குழி கணுக்காலுக்கு மேல் அப்படியே இருந்தது. அந்தக் குழியோடேயே சின்னப்பொண்ணு முனை வரைக்கும் போய், திரும்பி நின்று, ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறீர்கள் என்று இரண்டு பேரையும் கேட்டாள்.